எழுவதற்கு முந்தைய இரண்டு நொடி

அலைச்சறுக்கு வீரர் ஒருவர் ஒரு மணி நேரம் கடலில் இருக்கிறார் என்றால், பலகைமேல் நின்று அலையில் போவது அதில் சில நிமிடங்கள்தான். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் விளையாட்டு அறிவியலாளர்கள் இதை வீடியோ எடுத்து, நொடி நொடியாகப் பிரித்துக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஏறக்குறையப் பாதி நேரம், குப்புறப் படுத்துக் கையால் நீரைத் தள்ளி முன்னேறும் ‘பேடில்’ வேலையில் போகிறது. மீதியில் பெரும்பகுதி அலைக்காகக் காத்திருப்பதில் கழிகிறது. சறுக்கும் நேரம் ஆய்வுக்கு ஆய்வு சற்று மாறினாலும், ஒரு சில சதவீதம் என்ற அளவிலேயே நிற்கிறது.

அந்தச் சில நிமிடங்களுக்குள் நுழைய ஒரே ஒரு வாசல்தான். படுத்திருப்பவர் இரு கைகளை ஊன்றி, உடம்பைத் தூக்கி, கால்களை நெஞ்சுக்கடியில் கொண்டுவந்து, பக்கவாட்டில் நின்றுவிட வேண்டும். தேர்ந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. பாப்-அப் என்று இதற்குப் பெயர்.

சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் இன்று இதைக் கற்றுக்கொள்ள வருபவர்கள் ஏராளம். கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் தொடங்கிய பள்ளி இந்தக் கரையில் அலைச்சறுக்கைப் பரவலாக்கியது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சாம்பியன்ஷிப் நடந்தபோது இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதல் பாடம் மணலில்தான். பலகையை மணலில் போட்டு, அதன்மேல் படுக்கவைத்து, எழச் சொல்வார்கள். பத்துத் தடவை எழச் சொன்னால் பத்துத் தடவையும் சரியாக எழுகிறார்கள். அரை மணி நேரம் கழித்து அதே ஆள், அதே பலகை, அதே அசைவு. தண்ணீரில் பத்துக்கு ஒன்று தேறுவதே பெரும்பாடாக இருக்கிறது.

கையில் பலம் போதவில்லை என்று பெரும்பாலோர் முடிவுகட்டி விடுகிறார்கள். மறுநாளிலிருந்து வீட்டில் தண்டால் எண்ணிக்கை கூடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த முடிவு தப்பு என்று தெரியும். 60 கிலோ எடையுள்ளவரின் உடல் மையம், படுத்த நிலையிலிருந்து அரைக்குந்தல் நிலைக்கு வரச் சுமார் அரை மீட்டர் உயர்கிறது. அதற்குத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ 300 ஜூல். சாதாரண ஆரோக்கியம் உள்ளவர் ஒரு நொடியில் செய்துவிடக்கூடிய வேலைதான் அது. மணலில் முடிந்தது என்பதே அதற்குச் சாட்சி. அப்படியானால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. மணலில் பலகை அசையாமல் கிடக்கிறது. கடலில் பலகை பதிலுக்கு ஏதாவது செய்கிறது. நாம் என்ன செய்தால் பலகை என்ன செய்யும் என்பதில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கவிழ்ந்த பாப்-அப்களில் பெரும்பாலானவை, கையை ஊன்றுவதற்கு முன்பே கெட்டுப்போனவை.

பலகை எப்போது தாங்கும்

தொடக்கநிலை மாணவர்களுக்குக் கொடுக்கும் எட்டு, ஒன்பது அடி நுரைப்பலகையின் கன அளவு சுமார் 80 லிட்டர். ஒரு லிட்டர் கடல்நீரின் எடை 1.025 கிலோ. பலகை முழுவதும் மூழ்கினால் 82 கிலோ நீரை ஒதுக்கும். அதன் சொந்த எடையைக் கழித்தால் எழுபத்து சொச்சம் கிலோவைத் தாங்கும். ஆகவே சராசரி ஆள் அதன்மேல் படுத்தாலும் நின்றாலும் மூழ்கமாட்டார். போட்டி வீரர்கள் வைத்திருக்கும் சிறிய பலகையோ 25, 30 லிட்டர்தான். அசையாத நீரில் அதன்மேல் ஒருவர் நின்றால் அது அவரைத் தாங்காமல் மூழ்கிவிடும். ஆனாலும் அதே பலகை அலையில் அவரைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது.

இரண்டுக்கும் இடையில் வேகம் இருக்கிறது. மெதுவாகப் போகும்போது பலகை நீரை ஒதுக்கி மிதக்கிறது. வேகம் கூடும்போது, சற்றே நிமிர்ந்த அதன் அடிப்பாகம் நீரைக் கீழே தள்ள, நீர் அதை மேலே தள்ளுகிறது. இந்த மேல்விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. அப்போது பலகை நீரைப் பிளந்து போகாமல், நீர்ப்பரப்பின்மேல் வழுக்கிப் போகத் தொடங்குகிறது.

வேகம் பலகையைத் தூக்குவதோடு நிற்பதில்லை, நிலையாகவும் பிடித்துக்கொள்கிறது. எடை ஒரு பக்கம் சாய்ந்தால், அந்தப் பக்கம் அமிழும் விளிம்பில் நீரின் தள்ளல் கூடி அதை எதிர்க்கிறது. பின்னால் அடிப்பக்கம் இருக்கும் ‘ஃபின்’ என்ற தகடுகள் பலகை பக்கவாட்டில் வழுக்காமல் பார்த்துக்கொள்கின்றன. 1935-இல் ஹவாயில் டாம் பிளேக் பலகையின் அடியில் முதன்முதலாக ஃபின் பொருத்தினார். அதற்கு முன் காலைத் தண்ணீரில் இழுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. ஃபின்னும் நீர் ஓட்டம் இருந்தால்தான் வேலை செய்யும். நின்ற நீரில் அது வெறும் தகடு.

இதன் பொருள் நேரானது. வேகம் வந்தபின் எழுந்தால் கால் படும் இடம் ஏறக்குறையத் தரைபோல் இருக்கும். வேகம் வருமுன் எழுந்தால், மிதக்கும் கட்டையின்மேல் நிற்க முயல்வதாகத்தான் முடியும். படுத்திருக்கும்போது உடல் மையம் பலகைக்கு மேல் ஒரு சாண்கூட இல்லை. நிமிர்ந்து நின்றால் அது 90 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறது. அதே அளவு சாய்வு, உயரத்தில் பல மடங்கு பெரிய கவிழ்ப்பு விசையாகிறது.

அலை பிடித்துக்கொள்வது

எவ்வளவு வேகம் வேண்டும்? ஆழமற்ற நீரில் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது: புவியீர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைத்துவிடும். அலையின் உயரம் நீராழத்தில் சுமார் 0.78 பங்கை எட்டும்போது அது உடைகிறது என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கணித்த விஷயம். ஒரு மீட்டர் உயர அலை, ஏறக்குறைய 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். அங்கே அதன் வேகம் நொடிக்குச் சுமார் 3.6 மீட்டர், அதாவது மணிக்கு 13 கிலோமீட்டர்.

நன்றாகப் பழகியவர் முழுமூச்சாகப் பேடில் செய்தாலும் நொடிக்கு 1.5 முதல் 1.8 மீட்டர்வரைதான் போகிறார். அலையின் வேகத்தில் பாதி. கைபலத்தால் மட்டும் யாரும் அலையை எட்டிப் பிடிப்பதில்லை என்று இதிலிருந்தே தெரிகிறது. ஓடும் பேருந்தில் ஏறுகிறவர் பேருந்தின் வேகத்துக்கு ஓடுவதில்லை. வித்தியாசத்தைக் குறைக்கும் அளவுக்குக் கூடவே ஓடுகிறார், மிச்சத்தைக் கம்பி இழுத்துக்கொள்கிறது. பேடில் செய்வதும் அந்த ஓட்டம்தான். கம்பியின் வேலையை இங்கே செய்வது அலையின் சரிவு.

பலகையின் பின்பகுதியை அலை தூக்குகிறது. பலகை முன்னோக்கிச் சாய்கிறது. உடனே புவியீர்ப்பு அதைச் சரிவின் வழியே கீழே இழுக்கத் தொடங்குகிறது. சரிவு 15 பாகை என்று வைத்துக்கொண்டால் முடுக்கம் நொடிக்கு நொடி 2.5 மீட்டர். ஈடுகட்ட வேண்டிய வித்தியாசம் நொடிக்கு 2 மீட்டர். நீரின் தடையை விட்டுவிட்டுப் போட்ட இந்தத் தோராயக் கணக்கின்படியே 0.8 நொடி ஆகிறது. தடையையும் சேர்த்தால் ஒரு நொடிக்கு மேல். அந்த இடைவெளியில் பலகை மிதக்கும் நிலைக்கும் வழுக்கும் நிலைக்கும் நடுவே இருக்கிறது. புதிதாகக் கற்பவர் எழ அவசரப்படுவது சரியாக அந்த நேரத்தில்தான். பின்பக்கம் தூக்கிய உணர்வு வந்ததும் பேடில் செய்வதை நிறுத்திவிட்டுக் கையை ஊன்றுகிறார். வேகம் சட்டென்று குறைகிறது. அலை அடியில் நழுவிப் போய்விடுகிறது. அல்லது அரைகுறை வேகத்தில் நின்று பக்கவாட்டில் விழுகிறார்.

“தூக்கிச்சுன்னு தெரிஞ்ச பிறகும் ரெண்டு கை போடு” என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் கத்துவதற்குக் காரணம் இதுதான். இரண்டு கைவீச்சு என்பது சுமார் ஒரு நொடி. சூத்திரம் எதுவும் படிக்காமல் அனுபவத்தில் கண்டுபிடித்த அந்த அளவும், மேலே போட்ட கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

போட்டி வீரர்களின் வீடியோக்களைப் பார்த்துக் கற்க முயல்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டி, தாஹித்தித் தீவின் தெயாஹுப்போவில் நடந்தது. அங்கே வீரர்கள் அலையின் மேல்விளிம்பிலிருந்து விழுந்தபடியே எழுந்து நின்றார்கள், காத்திருக்கவே இல்லை. சரிவு 30 பாகையானால் முடுக்கம் கிட்டத்தட்ட இரட்டித்து 4.9 ஆகிவிடும், செங்குத்துக்கு நெருங்கினால் இன்னும் அதிகம். அங்கே காத்திருக்க நேரமே இல்லை. மெல்லிய சரிவுள்ள அலையில் பழகுகிறவர் அவர்களின் அவசரத்தைக் கடன் வாங்கினால், வேகம் வருமுன் எழுந்துவிடுவார்.

முதல் வகுப்புகள் நடக்கும் உடைந்த நுரையலையில் கதை கொஞ்சம் மாறுகிறது. அங்கே சரிவு இல்லை. கொந்தளித்து வரும் நீர் பலகையின் வாலில் மோதித் தள்ளுகிறது. மோதிய கணத்தில் பலகை குலுங்கி, முனை ஏறி இறங்கி, பிறகு சமநிலைக்கு வருகிறது. குலுக்கல் அடங்கும்வரை படுத்தே இருப்பதுதான் அங்கே செய்ய வேண்டியது.

காலை நேரத்து அலை பழகுவதற்கு எளிது என்று கடற்கரையில் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் தரைக்காற்று அலையின் முகத்தை எதிர்த்துத் தாங்கி, பரப்பை மழமழவென்று வைத்திருக்கும். வெயில் ஏறிக் கடற்காற்று திரும்பியதும் பரப்பு கலைந்துவிடுகிறது.

கை ஊன்றும் இடம்

சாதாரணப் புஷ்-அப்பில் நெஞ்சு தரையருகே இருக்கும்போது உடல் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு கைகளில் இறங்குகிறது. கை நீண்ட நிலையில் 70 சதவீதத்துக்கு அருகில். 60 கிலோ ஆளுக்கு முக்கால் பங்கு என்பது 45 கிலோ. வேகமாக எழும்போது கை கொடுக்கும் விசை அதற்கும் மேலே போகும். நாம் பலகையை அழுத்தும் அதே அளவுக்குப் பலகை நம்மைத் தூக்குகிறது என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. மணலில் அந்த அழுத்தத்தை மணல் வாங்கிக்கொள்கிறது. நீரிலோ, அழுத்திய இடம் அமிழ்கிறது.

ஆகவே கை எங்கே படுகிறது என்பது பலகைக்கு நாம் கொடுக்கும் கட்டளை. தோளுக்கு முன்னால் ஊன்றினால் முனை அமிழும். சரிவில் ஏற்கெனவே கீழ்நோக்கி இருக்கும் முனை நீரைக் குத்தி நிற்க, ஆள் தலைக்குப்புறப் பறப்பார். விலா எலும்புகளின் கீழ்ப்பகுதிக்குப் பக்கத்தில் ஊன்றினால், அழுத்தம் பலகையின் நடுப்பகுதிக்கு அருகே இறங்கும். பலகை சற்று அமிழ்ந்தாலும் தட்டையாகவே அமிழும்.

அடுத்தது விளிம்பு. பயத்தில் பலகையின் இரு ஓரங்களையும் இறுகப் பிடித்துக்கொண்டு எழுவது தொடக்கநிலையில் எல்லோரிடமும் இருக்கும் பழக்கம். நடுக்கோட்டிலிருந்து ஓரம் ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. இரு கைகளுக்கும் உள்ள பலம் ஒருபோதும் துல்லியமாகச் சமமாக இராது. அந்தச் சிறு வித்தியாசம் ஓரத்தில் இறங்கும்போது பலகையைப் புரட்டும் விசையாகப் பெருகுகிறது. உள்ளங்கையைத் தட்டையாக, ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வைத்தால் அதே வித்தியாசத்தின் நெம்புகோல் குறுகிவிடும். கையைச் சில அங்குலம் நகர்த்துவதுதான். தினம் ஐம்பது தண்டால் எடுத்தாலும் கிடைக்காத பலன் அது.

ஆனால் கை சரியான இடத்தில் படுவதற்கு முதலில் உடம்பு சரியான இடத்தில் படுத்திருக்க வேண்டும். அதிகம் முன்னால் படுத்தவருக்கு விலாவருகே ஊன்றினாலும் அழுத்தம் முனைப்பக்கம்தான் இறங்கும். அதிகம் பின்னால் படுத்தவரின் பலகை வாலை நீரில் இழுத்துக்கொண்டு போகும். அவர் அலையைப் பிடிப்பதே அரிது. பேடில் செய்யும்போது முனை நீர்ப்பரப்புக்கு இரண்டு, மூன்று விரல்கடை மேலே நிற்க வேண்டும். அந்த இடத்தைக் கண்டுபிடித்ததும், கன்னத்துக்கு நேராகப் பலகையில் ஒரு அடையாளம் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. நல்ல பழக்கம்.

கால் நுழைய வழி

ஓர் அரை நொடியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். கைகள் ஊன்றியாயிற்று. நெஞ்சு எழும்பிவிட்டது. ஆனால் முழங்கை இன்னும் மடங்கியே இருக்கிறது. இடுப்பு பலகையோடு ஒட்டியிருக்கிறது. இந்த நிலையிலேயே முன்கால் கிளம்புகிறது. தொடைக்கும் பலகைக்கும் நடுவே இடம் இல்லை. பெருவிரல் பலகையில் உரசி, பாதி வழியில் சிக்கி நின்றுவிடுகிறது. பாதம் வந்து விழ வேண்டிய இடம் இரு கைகளுக்கும் நடுவே. விழுந்த இடமோ அதற்கு ஓரடி பின்னால். எடை முழுவதும் வால்பக்கம் போய்விட, முனை வானம் பார்க்கிறது. பலகை வேகமிழக்கிறது. ஆள் பின்பக்கமாக உட்காருகிறார். கரையிலிருந்து பார்ப்பவருக்கு, நின்றபின் நிலைதடுமாறி விழுந்ததுபோல் தெரியும். உண்மையில் முழங்கை நிமிராதபோதே விழுந்தாயிற்று.

கையின் முழு நீளமும் நிமிர்ந்தால் மட்டுமே கால் நுழைய வழி கிடைக்கும். நெஞ்சு முதலில், பிறகு இடுப்பு, அதன்பிறகுதான் கால். இடுப்பு மேலே போகும்போது உடம்பு ஒரு கண நேரம் லேசாகிறது. முன்பாதம் அந்த லேசான கணத்தில் பறந்து வந்து நடுக்கோட்டின்மேல் படிய வேண்டும்.

நம் ஊர் உடற்பயிற்சிக் கூடங்களின் பழைய தண்டாலும் பஸ்கியும் இதற்கென்றே செய்யப்பட்டவைபோல் இருக்கின்றன. கீழே இறங்கி மேலே ஏறும் வெறும் புஷ்-அப் அல்ல நம் தண்டால். இடுப்பை உயர்த்தி, நெஞ்சைத் தரையோடு வருடிக் கொண்டுபோய், கை நிமிர முதுகை வளைத்து முடிப்பது. பாப்-அப்பின் முதல் பாதி அதுவே. ஆழமாகக் குந்தி எழும் பஸ்கி, இரண்டாம் பாதிக்கு வேண்டிய இடுப்பு, கணுக்கால் நெகிழ்வைத் தருகிறது. நாற்காலி வாழ்க்கையில் சம்மணமும் குத்தவைத்து உட்காருவதும் விட்டுப்போனவர்களுக்குப் பெரும்பாலும் குறைவது கைபலம் அல்ல, இந்த நெகிழ்வுதான். அவர்கள் தண்டாலைவிடக் குந்தி உட்காருவதில் நேரம் செலவிடுவது மேல்.

முட்டியிட்டு எழுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் முட்டி, பிறகு பாதம் என்று எழுவது எளிதாகத் தெரிகிறது. ஆனால் அதில் எடை ஒரு தடவைக்குப் பதில் இரண்டு, மூன்று தடவை இடம் மாறுகிறது. ஒவ்வொரு தடவையும் பலகை ஆடும். எழுந்து முடிப்பதற்குள் அலை உடைந்துவிடும். பழகிப்போனால் விடுபடுவதும் கடினம். மூட்டு வலியோ பழைய காயமோ உள்ளவர்களுக்கு, ஒரே வீச்சில் எழ வேண்டும் என்பது பொருந்தாது. பின்காலை முதலில் ஊன்றி, நிதானமாக முன்காலைக் கொண்டுவரும் முறை அவர்களுக்கு இருக்கிறது; நீளமான பலகையும் மெல்லிய அலையும் அதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுக்கும். சர்வதேச அலைச்சறுக்குச் சங்கம் 2015 முதல் நடத்திவரும் மாற்றுத்திறனாளிகளுக்கான உலகப் போட்டியில், முட்டியிட்டபடியும் படுத்தபடியும் சறுக்குவோருக்கென்றே பிரிவுகள் இருக்கின்றன.

கண் எங்கே

எழும்போது கீழே பார்க்காதே என்பது பயிற்சியாளர்களின் இன்னொரு ஓயாத கூச்சல். காலைச் சரியாக வைத்தோமா என்று பார்ப்பதில் என்ன தப்பு? காரணம் இரண்டு. முதலாவது, தலையின் எடை. ஐந்து கிலோவுக்கு அருகில் இருக்கும் தலை குனிந்தால் நெஞ்சும் கூடவே இறங்கி, காலுக்கான வழியை அடைக்கிறது.

இரண்டாவது காரணம் கண்ணுக்கும் சமநிலைக்கும் உள்ள உறவு. 1970-களில் உளவியலாளர் டேவிட் லீயும் அவருடைய சகாக்களும் ஒரு விசித்திரமான அறையைக் கட்டினார்கள். தரை அசையாது, சுவர்களும் கூரையும் மட்டும் முன்னும் பின்னும் நகரும். அப்போதுதான் நிற்கப் பழகிய குழந்தைகளை உள்ளே நிறுத்திச் சுவரை நகர்த்தினார்கள். தரை அப்படியே இருந்தும் குழந்தைகள் தள்ளாடினார்கள். சிலர் விழுந்தே போனார்கள். பெரியவர்களும் ஆடினார்கள். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் பாதங்களும் என்ன சொன்னாலும், கண் முன்னால் உலகம் நகர்ந்தால் உடம்பு தான் சாய்வதாக நினைத்துத் திருத்தப் பார்க்கிறது.

பலகையைக் குனிந்து பார்ப்பவர் தானே அந்த அறைக்குள் போய் நிற்கிறார். இரு பக்கமும் நுரை ஓடுகிறது, நீர் சுழல்கிறது. பலகையோ நம்மோடு சேர்ந்தே சாய்வதால், அது சாய்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. தொலைவில் இருக்கும் தென்னையோ கட்டடமோ நகர்வதில்லை. அதைப் பார்த்தபடி எழுந்தால், எவ்வளவு சாய்ந்தோம் என்ற சரியான தகவல் மூளைக்குப் போகிறது. பார்வை உயரும்போது நெஞ்சும் தானாக உயர்கிறது. அலை எந்தப் பக்கம் உடையாமல் நீள்கிறதோ அந்தப் பக்கம் பார்வையை வைப்பது அடுத்த பாடம்.

மூளை பழகுவது எப்படி

கண்ணால் கண்டதற்குக் கை வினைபுரிய ஏறத்தாழ 0.2 நொடி தேவை. ஒரு நொடிக்குள் முடியும் அசைவில், ‘கை வைத்தேன், சரிதானா? இப்போது கால்’ என்று படிப்படியாகச் சரிபார்க்க நேரம் கிடையாது. 1960-இல் ஃபிராங்க்ளின் ஹென்றியும் டொனால்ட் ரோஜர்ஸும் செய்த சோதனையில், சிக்கலான அசைவைத் தொடங்கவே அதிக நேரம் பிடிப்பது தெரிந்தது. விரைவான அசைவு முழுவதையும் மூளை முன்கூட்டியே கோத்து வைத்துவிட்டுத்தான் தொடங்குகிறது என்று அதை விளக்கினார்கள். ஆகவே பாப்-அப்பைக் கை, இடுப்பு, கால் என்று வெட்டி வெட்டிப் பழகுவது முதல் நாள் புரிந்துகொள்ள உதவும்; அதற்குமேல் முழு அசைவாகவே பழக வேண்டும்.

பழகும்போது எதை நினைப்பது என்பதும் முக்கியம். இயக்கக் கற்றல் ஆய்வாளர் காப்ரியேலே வுல்ஃப், பாய்மரப் பலகையில் திரும்பப் பழகிக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தார். தன் கால் என்ன செய்கிறது என்று நினைப்பதைவிட, பலகை எப்படிச் சாய்கிறது என்று நினைத்தபோது திருப்பம் நன்றாக வந்தது. 1998-இல் வெளியான அவர் குழுவின் ஆய்வில், பனிச்சறுக்கு இயந்திரத்தில் ஏறியவர்களில் ஒரு பிரிவினரைத் தங்கள் பாதங்களையும், மற்றொரு பிரிவினரைப் பாதங்களுக்கு அடியில் இருந்த சக்கரங்களையும் நினைக்கச் சொன்னார்கள். சக்கரத்தை நினைத்தவர்களே நன்றாகக் கற்றார்கள். தன் உறுப்பை நினைத்தால் தானாக நடக்க வேண்டியதில் மனம் குறுக்கே வருகிறது. “முட்டியை மடக்கு” என்பதைவிட “பலகையைத் தட்டையாக வை” என்பது நல்ல கட்டளை.

இனி எப்படித் திரும்பத் திரும்பச் செய்வது? ஜான் ஷேயும் ராபின் மார்கனும் 1979-இல் ஒரு சோதனை நடத்தினார்கள். மூன்று வகைக் கையசைவுகளை ஒரு குழு வகைக்கு வகை அடுக்கிப் பழகியது. மறு குழு கலந்து கலந்து பழகியது. பயிற்சியின்போது முதல் குழு முந்தியது. சில நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்களே நன்றாகச் செய்தார்கள். மணலில் ஒரே மாதிரி பத்துத் தடவை எழுவது ஏன் தண்ணீரில் கைகொடுக்கவில்லை என்பதற்கு இதிலும் ஒரு விடை இருக்கிறது. 1920-களில் மாஸ்கோவில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன், சுத்தியல் அடிக்கும் தொழிலாளிகளைப் படம்பிடித்துப் பார்த்தபோது, தேர்ந்தவர்களின் தோளும் முழங்கையும் அடிக்கு அடி வேறு பாதையில் போயின. சுத்தியல் மட்டும் குறி தப்பாமல் விழுந்தது. திறமை என்பது ஒரே அசைவைப் படியெடுப்பது அல்ல, ஒரே முடிவுக்குப் பல வழிகளை அறிந்திருப்பது. 2015-இல் அலைச்சறுக்கு வீரர் கெல்லி ஸ்லேட்டர் கலிஃபோர்னியாவில் ஒரே அச்சில் வார்த்த அலைகளைத் தரும் குளத்தை உலகுக்குக் காட்டினார். அலைக்காகக் காத்திருக்கும் நேரத்தை அது மிச்சப்படுத்தும். ஆனால் ஒவ்வொன்றும் வேறாக வரும் கடலலையின் பாடத்தை அது தராது.

வீட்டில் பழகுகிறவர் பாயின் நடுவே ஒரு கோடு போட்டுக்கொண்டு, ஐந்தாறு தடவை எழுந்துவிட்டு ஓய்வெடுத்து, மறுபடி எழலாம். களைத்த உடம்போடு நூறு தடவை எழுந்தால் களைத்த அசைவுதான் பதியும். ஒரு தடவை கண்ணை மூடி, ஒரு தடவை மெத்தைமேல், ஒரு தடவை இன்னொருவர் கைதட்டும்போது மட்டும் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எழுவதற்கு முன் இரண்டு கைவீச்சைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். கடலில் அந்த இரண்டும் இல்லாமல் பாப்-அப் இல்லை என்பதால், மூளை எல்லாவற்றையும் ஒரே கோவையாகவே பதிய வேண்டும்.

கடலில் பழகும்போது கரையில் உள்ளவரிடம் கைப்பேசியைக் கொடுத்துப் பக்கவாட்டிலிருந்து எடுக்கச் சொல்லலாம். சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 படம். மூன்று படங்களை நிறுத்திப் பார்த்தால் போதும்: கடைசிக் கைவீச்சு முடியும்போது பலகை ஏற்கெனவே சரிவில் இறங்கிக்கொண்டிருக்கிறதா? கை ஊன்றும்போது முனை எங்கே இருக்கிறது? முன்பாதம் இறங்கும்போது பார்வை எங்கே இருக்கிறது? பயிற்றுநர் துணையில்லாமல் இதைத் தனியே முயல வேண்டாம். வங்கக்கடலின் இழுப்பு நீச்சல் தெரிந்தவர்களையும் கொண்டுபோயிருக்கிறது. விழும்போது தட்டையாக விழுந்து, கையால் தலையைக் காத்துக்கொள்வதையும் முதல் நாளே கற்க வேண்டும்.

விழுந்த விதமே நோயைச் சொல்லிவிடும். முனை குத்தி விழுந்தால் படுத்த இடமோ கை ஊன்றிய இடமோ முன்னால் போயிற்று; அல்லது அலை செங்குத்தாகும்வரை தாமதித்தாயிற்று. அலை அடியில் நழுவிப் போனால் பின்னால் படுத்தது காரணம், இல்லையேல் இரண்டு கைவீச்சு குறைந்துவிட்டது. பக்கவாட்டில் கவிழ்ந்தால் கைகள் ஓரத்தில் இருந்தன, அல்லது பாதம் நடுக்கோட்டை விட்டு விலகிற்று. நின்றபின் பின்பக்கம் உட்கார்ந்தால் முழங்கை நிமிரவில்லை. இவை எதற்கும் மருந்து கைபலம் அல்ல. அலையைத் தேர்வது, படுக்கும் இடம், வேகம் பிடிக்கும்வரை பொறுப்பது, கை ஊன்றும் இடம், பார்வை: திருத்தத்தை இந்த வரிசையில் தேட வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தும் எழ முடியவில்லை என்றால், அப்போது தண்டால் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம்.